கயிற்றில் தொடங்கிக் கடல் வரை

பிளஸ் ஒன் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே நம் பிளாக் வராந்தாவில் ஒரு கனமான தாம்புக்கயிற்றைக் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், அதில் அலை கண்ணில் படாமல் ஓடிவிடும். மறுமுனையைப் பிள்ளையிடம் கொடுத்து, "கையை வேகமாக உதறினால் அலை சீக்கிரம் போகுமா?" என்று கேளுங்கள். வாய்பாடு மனப்பாடமாகத் தெரிந்தவர்களே "ஆமாம்" என்பார்கள். உடனே திருத்தாதீர்கள். செல்போனில் படமெடுத்து நேரத்தைப் பார்க்கட்டும். உதறல் எப்படி இருந்தாலும் வேகம் அதேதான். கயிற்றை இறுக்கினால்தான் கூடும். நடுவில் ஒரு ரிப்பனைக் கட்டினால், அது மேலும் கீழும் ஆடி அங்கேயே நிற்கும்.

இனி நம் கடலுக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26, காலை 6.29க்குச் சுமத்ரா அருகே நிலநடுக்கம். ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அலை காரைக்காலில். சுனாமியின் வேகத்தை நிலநடுக்கத்தின் வலிமை தீர்மானிப்பதில்லை, கடலின் ஆழம்தான் தீர்மானிக்கிறது. 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். அங்கே படகில் இருப்பவருக்கு, அந்த ரிப்பனைப் போல, லேசான ஏற்ற இறக்கம்தான். 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36. முன்பகுதி தயங்க, பின்பகுதி நெருங்கிவர, அலை உயர்கிறது.

ஆழம் தெரிந்தால் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிடலாம். 2007 முதல் ஹைதராபாத் எச்சரிக்கை மையம் இதைத்தான் செய்கிறது. அன்று பிறந்திராத நம் பிள்ளைகள் அந்த இரண்டரை மணி நேரத்தைத் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.