அந்திப் பொழுதுக்கு ஒரு வில்லை

திருவதிகை, பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கண்புரை ஆபரேஷனுக்குப் போகிற பெரியவர்களிடம், எந்த லென்ஸ் வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். விலைப்பட்டியலில் 'அஸ்ஃபெரிக்' என்று ஒரு வகை இருக்கும். விலையும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கூடப் போன மகனுக்கோ மகளுக்கோ அது என்னவென்று தெரியாது. அந்த லென்ஸைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர் கடைந்தெடுத்த பொருள்களில் மிக நுட்பமானவற்றுள் அது ஒன்று. ஆனால் அதன் அருமை தெரிவது பட்டப்பகலில் அல்ல, விளக்கு வைக்கிற நேரத்தில்தான்.

சாதாரண லென்ஸின் பரப்பு ஒரு கோளத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு மாதிரி இருக்கும். அதன் நடுவில் புகும் ஒளி ஓரிடத்தில் குவியும். விளிம்பில் புகும் ஒளி கூடுதலாக வளைந்து, அதற்கு முன்னாலேயே குவிந்துவிடும். இதைக் கோளப் பிறழ்ச்சி என்பார்கள். புள்ளியாகத் தெரிய வேண்டிய விளக்கைச் சுற்றி ஒரு மங்கல் படர்வது இதனால்தான். விளிம்புப் பக்கம் போகப்போக வளைவை மெல்ல மாற்றிவிட்டால் எல்லாக் கதிரும் ஒரே புள்ளிக்கு வரும். அப்படி மாற்றிய வில்லைதான் அஸ்ஃபெரிக்.

இந்தக் கணக்கு புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டிலேயே இப்னு சாஹ்ல் என்ற அறிஞர், அதிபரவளைய வடிவம் ஒளியைப் பிசகாமல் குவிக்கும் என்று கண்டுபிடித்திருந்தார். பிரான்சின் அறிஞர் தெகார்த் 1637இல் அச்சான நூலில் அந்த வடிவத்தை விளக்கி, அதைக் கடைய ஒரு யந்திரத்தையும் வரைந்து காட்டினார். பயன்படும்படி ஒரு லென்ஸ்கூட அதில் வரவில்லை. வடிவம் கைவசம் இருந்தும், அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் பெரும்பாலும் கோள லென்ஸை வைத்தே காலம் தள்ளியது.

ஏன் என்பதற்குப் பட்டறையில் பதில் இருக்கிறது. ஆட்டுக்கல்லும் குழவியும் தேயத்தேய ஒன்றுக்கொன்று பொருந்திப் போகும் அல்லவா? இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்பொரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, திருப்பித் திருப்பித் தேய்த்தாலும் அப்படித்தான். ஒன்று குழியும், ஒன்று குமியும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இடைவெளி விழாமல் பொருந்துவது கோளப் பரப்பு மட்டுமே. ஆகவே கோளம் தானாக அமைந்துவிடும். அஸ்ஃபெரிக் பரப்பில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒவ்வொரு வளைவு. பெரிய கருவியை வைத்துத் தேய்த்தால் அது எங்கும் முழுதாக உட்காராது. சிறிய கருவியை வைத்துத் தேய்த்தால் அலையலையாகத் தடம் விழும். இவ்வளவு பாடுபடுவது மைக்ரான் கணக்கான ஒரு வித்தியாசத்துக்காக.

செய்வதைவிடச் செய்ததைச் சோதிப்பது கடினம் என்பது என் எண்ணம். 1990இல் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியின் அஸ்ஃபெரிக் ஆடி அற்புதமாக மெருகேறியிருந்தது. ஆனால் அதைச் சோதித்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. அந்தத் தப்பான அளவுகோலை நம்பியே தேய்த்ததால், விளிம்பு சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். படமெல்லாம் மங்கல். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைனு பாப்பு தொலைநோக்கியின் ஆடியும் கோளமல்ல, பரவளையம்தான். 2.3 மீட்டர் அகலமான அதைப் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் தாங்களே தேய்த்து உருவாக்கினார்கள். நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ள வேண்டிய வேலை அது.

இன்று கம்ப்யூட்டர் சொல்கிற பாதையில் வைர முனை ஓடி இந்தப் பரப்பைக் கடைகிறது. ஒரே ஓர் உலோக அச்சை அப்படிக் கடைந்துவிட்டால், அதில் பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். உங்கள் கைபேசியின் கேமராவில் அடுக்கடுக்காக இருப்பவை அப்படி வார்த்த அஸ்ஃபெரிக் வில்லைகள்தான்.

கண்ணுக்கு வருவோம். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட தாத்தா பாட்டியை நாற்பது வயது தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்போது புரைவிழுந்த வில்லையை எடுத்துவிட்டு, அதன் வேலையை வெளியே தடித்த கண்ணாடியிடம் ஒப்படைத்தார்கள். எல்லாமே கால் பங்குக்கு மேல் பெரிதாகவும், கிட்டத்தில் இருப்பதுபோலவும் தெரியும். காபி டம்ளரை எடுக்க நீட்டிய கை பாதியிலேயே காற்றைப் பிடிக்கும். பக்கவாட்டில் ஒரு வளையம் அளவுக்குப் பார்வையே இருக்காது; அங்கே நின்ற ஆள் திடீரென்று முன்னால் முளைப்பார். அந்தத் தொல்லையைக் குறைக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் குல்ஸ்ட்ராண்டும் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தாரும் அஸ்ஃபெரிக் கண்ணாடியே வடிவமைத்தார்கள். ஆனாலும் உண்மையான விடிவு, 1949இல் லண்டனில் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்தபோதுதான் வந்தது.

அந்த லென்ஸ் நம் ஏழைகளுக்கு எட்டியதற்குக் காரணம் மதுரை. 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியும் அவரைச் சேர்ந்தவர்களும், 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை நிறுவினார்கள். 100 டாலருக்கு மேல் விற்ற லென்ஸ் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. இப்போது அங்கே மடக்கி வைக்கும் அஸ்ஃபெரிக் லென்ஸும் தயாராகிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்தின் புதுச்சேரி ஆஸ்பத்திரி இருப்பது நம் வட்டாரத்துக்குத் தெரிந்ததே.

கண்ணுக்குள் இதற்கு என்ன வேலை? கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியாவுக்கே கொஞ்சம் கோளப் பிறழ்ச்சி உண்டு. இளவயதில் உள்ளே இருக்கும் இயற்கை வில்லை அதற்கு எதிர்த் திசையில் பிறழ்ந்து ஈடுகட்டிவிடும். வயதாக ஆக அந்த ஈடு கரைந்துபோகிறது. கோள லென்ஸை வைத்தால் குறை மேலும் கூடும். அஸ்ஃபெரிக் வைத்தால் இளவயது ஏற்பாடு ஓரளவு திரும்பக் கிடைக்கும்.

நல்ல வெயிலில் கண்பாவை சுருங்கிவிடும். ஒளி லென்ஸின் நடுப்பகுதி வழியே மட்டும் போகும். அப்போது இரண்டு லென்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையையும் இரண்டும் ஒரே மாதிரிதான் படிக்கும். இருட்டத் தொடங்கிப் பாவை விரியும்போதுதான் வித்தியாசம் தெரியும்: சாம்பல் நிறச் சாலையில் சாம்பல் நிறப் படி, எதிரே வரும் வண்டி விளக்கின் கூச்சம், அதன் ஓரமாக நடந்துவரும் மனிதர். ஆகவே சாயங்காலத்துக்குப் பிறகும் வண்டி ஓட்டுகிறவர்கள், விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்கள் கடன் வாங்கி இதை வைக்க வேண்டியதில்லை. வயது மிக முதிர்ந்தவர்களுக்குப் பாவை விரிவதே குறைந்துவிடும். அவர்களுக்குப் பலனும் அந்த அளவுக்குக் குறைவே.

இன்னொன்று. இந்த லென்ஸ் கண்ணுக்குள் நடுவில், சாயாமல் உட்கார வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலே ஆதாயம் கரையத் தொடங்கும். ஆகவே கண்ணில் பழைய அடிபட்ட காயம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கிட்டத்துப் பொருள் தெரியாமல் முன்பு லேசர் செய்துகொண்டவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுடைய கார்னியா எதிர்ப் பக்கமாக மாறியிருக்கக்கூடும்; அப்படி இருந்தால், விலை குறைந்த சாதாரண கோள லென்ஸே அவர்களுக்குப் பொருத்தமாக அமையலாம்.