எஃகில் ஒளி எழுதும் எழுத்து



உலோகத்தில் எழுத்துப் பொறிப்பது தமிழர்க்குப் புதிதன்று. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த இராசேந்திர சோழன் செப்பேடுகளை வரலாற்று நூல்களில் படித்திருப்பீர்கள். 31 செப்பிதழ்களை ஒரு வளையத்திற் கோத்து, அவ்வளையத்தில் அரச முத்திரையைப் பதித்திருக்கிறார்கள். பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டு இறைவனுக்கு உரியது என்பதற்கு அம்முத்திரையே சான்று. நம் இல்லங்களிலும் இவ்வழக்கம் உண்டு. திருமணத்திற்கு வாங்கும் எவர்சில்வர் குடத்தில், கொடுப்பவர் பெயரைக் கடைக்காரர் சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்.

உளி செய்த அந்த வேலையை இன்று தொழிற்சாலைகளில் லேசர் என்னும் ஒளி செய்கிறது. அது செய்யும் முறையையும், அதில் நாம் கருத வேண்டுவதையும் காண்போம்.

லேசருக்கு வேரான கொள்கையை ஐன்ஸ்டீன் 1917-இல் கூறினார். 1960-இல் மைமன் என்னும் அமெரிக்க அறிஞர் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். 1964-இல் கரியமில வாயு லேசரைக் கண்டவர், மராட்டியத்துப் பாராமதியிற் பிறந்த குமார் படேல். எஃகில் எழுதுவதற்கு இன்று பெரிதும் பயன்படுவது கண்ணாடி இழை லேசர். இழையில் வளர்ந்து வரும் கதிரை இரண்டு சிறு ஆடிகள் இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்ப, ஒரு வில்லை அதனை மயிரிழையினும் நுண்ணிய புள்ளியாகக் குவிக்கிறது. கணினியில் வரைந்த எழுத்தோ சின்னமோ சில நொடிகளில் எஃகின்மீது தோன்றிவிடுகிறது. இக்கதிர் கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் விழித்திரையைச் சுட்டுவிடும். ஆகவே மூடிய கூண்டுக்குள்ளும், அதற்கென அமைந்த கண்ணாடி அணிந்துமே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

எழுதும் முறை இருவகை. உலோகத்தை உருக்கி ஆவியாக்கிப் பள்ளம் பறிப்பது ஒன்று. நகத்தால் தடவினால் அது தட்டுப்படும். உருகாத அளவிற்குச் சூடேற்றி நிறத்தை மட்டும் மாற்றுவது மற்றொன்று. சூட்டினால் மேற்பரப்பில் ஆக்சைடுப் படலம் தடித்துக் கருமை தோன்றும். தடவினால் வழுவழுப்பாகவே இருக்கும். அழுக்குத் தங்கப் பள்ளம் இல்லாமையால், அறுவை மருத்துவக் கருவிகளுக்கு இம்முறையை விரும்புவர்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? அதில் நூற்றுக்குப் பத்தரைப் பங்கிற்குக் குறையாமல் குரோமியம் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி, மெல்லிய தோல்போல் எஃகைப் போர்த்திக் காக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அத்தகைய சில கூறுகளே அத்தோலின் கனம். எழுதும் சூடு அளவு கடந்தால், கரிய படலம் அடியிலுள்ள குரோமியத்தை ஈர்த்துக்கொள்ளும், அவ்விடம் வலுவிழக்கும். பிறகு, பெயர் எழுதிய இடத்திலேயே துரு தொடங்கும்!

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதையில் உள்ள அத்திப்பட்டை எண்ணிப் பாருங்கள். வட சென்னை அனல் மின் நிலையம் அங்கேதான் இருக்கிறது. கடலும் எண்ணூர்க் கழியும் அருகில் உள்ளன. அவ்வுப்புக் காற்றில் ஒரு குழாய் வால்வின் கேடு அதன் எழுத்திலிருந்தே தொடங்கலாம். அதனால் தேர்ந்த தொழிலாளர் கதிரின் வலிமையையும் விரைவையும் மாதிரித் துண்டில் சோதித்த பின்னரே உண்மைப் பொருளில் எழுதுவர். எழுதிய பின் சிட்ரிக் அமிலத்தாலோ நைட்ரிக் அமிலத்தாலோ கழுவிக் காப்புத் தோலை மீட்பதும் உண்டு. அமிலம் மிகுந்தால் எழுத்தே மங்கும். ஆகவே அதற்கும் அளவு வேண்டும்.

இதனினும் பெரியது ஒன்று உண்டு. 304 என்னும் எஃகும் 316 என்னும் எஃகும் கண்ணுக்கு ஒன்றே. ஆனால் 316-இல் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு மாலிப்டினம் கலந்திருப்பதால், அது உப்பை நன்கு தாங்கும். 304 அவ்வாறு தாங்காது. வாங்குபவருக்கு இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது மேலே பொறித்த எண். விலை குறைந்த 304-இன்மீது 316 என்று எழுதிவிட்டால் கதிர் மறுக்காது; எஃகும் பேசாது. சில காலங் கழித்துக் கடல்நீர் ஓடும் குழாயில் ஓட்டை விழும்போதுதான் உண்மை வெளிப்படும். அப்போது தீங்கு அடைபவர், அந்த எண்ணை நம்பி அருகில் நின்று வேலை செய்யும் ஒரு தொழிலாளியாக இருக்கலாம்.

நண்பர்களே! உங்களிற் பலர் நாளை தொழிற்கூடங்களில் பொறுப்பேற்பீர்கள். பொருளின்மீது நீங்கள் பொறிக்கும் எழுத்து, பொருளையும் கெடுத்தல் ஆகாது. பொய்யும் சொல்லல் ஆகாது. செப்பேட்டில் அரச முத்திரைக்கு இருந்த மதிப்பு, எஃகில் நீங்கள் இடும் சிறு எண்ணுக்கும் உண்டு. அதனை நினைவிற் கொள்ளுங்கள்.