நடுநிலையும் ஓர் ஓட்டுதான்



ஊர் உலகத்துத் தேர்தலை எல்லாம் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து நடத்தித் தருபவர்கள் ஆசிரியர்கள். தங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தல் என்றால் மட்டும், "ஊர் அரசியல் நமக்கெதற்கு?" என ஒதுங்குகிறார்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள்; ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு உரிய விகிதம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதே இந்தக் குழுதான்.

ஆனால் கூட்டத்தை வேலைநாள் காலையில் வைத்தால், கூலிக்குப் போன அம்மா எப்படி வருவார்? பிறகு கையெழுத்து அவருடையது, முடிவு ஊர்ப் பெரியமனிதருடையது. கழிப்பறையை எந்தப் பிள்ளை கழுவுகிறது என்ற கேள்வி அங்கே எழாது.

நேரத்தை மாற்றுங்கள். சேரிக்குள் சென்று அழையுங்கள். அந்த அம்மா நாற்காலியில் அமர்ந்து பேசும்வரை, உங்கள் நடுநிலை சாதிக்குப் போட்ட ஓட்டுதான்.