மலை ஏறியாச்சு, படி ஏறலையே!

(‘சக்கர நாற்காலியில் வருவோரைத் தடுத்து நிறுத்துவது மனமே! – படியே!’ என்ற தலைப்பில், ‘படியே’ என்னும் அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் ‘மனம்’ படைத்தவர்களே! (சிரிப்பு) குளிரையும் பொருட்படுத்தாமல் அமர்ந்திருக்கும் ஏற்காட்டுப் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார், “மனம் விரிந்தால் போதும், வாசல் தானே விரியும்” என்றார்கள். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனா என் கேள்வி ரொம்பச் சின்னது. சக்கர நாற்காலியின் அகலம் இரண்டேகால் அடி. லாட்ஜ் குளியலறை வாசல் இரண்டு அடி. மனசை எவ்வளவு விரிச்சாலும் அந்தக் கால் அடி எங்கேயிருந்து வரும்? (சிரிப்பு, கைதட்டல்)

சேலத்திலே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவருக்கு முதுகுத் தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அந்த அம்மாதான் தூக்கி உட்கார வைக்கணும், குளிப்பாட்டணும், எல்லாம். ஒரு கோடைக்கு, “உங்களுக்கு ஏற்காட்டைக் காட்டுறேன்” என்று காரில் அழைத்து வந்தார்கள். அவர் முதல்நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திட்டார். ஏன்? வழியிலே அவசரம் என்றால் நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை எங்கே இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நாமெல்லாம் ஊருக்குப் புறப்பட்டால் தண்ணி பாட்டிலை எடுத்து வைக்கிறோம். அவர் தாகத்தை எடுத்து வைக்கிறார் ஐயா!

வந்தாங்க. தங்கும் விடுதி வாசலில் நாலு படி. பக்கத்தில் ஒரு சரிவுப் பாதையும் இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது குழந்தைகள் சறுக்கி விளையாடுகிற சறுக்குமரம் மாதிரி! அதன் மேலே ரெண்டு பூந்தொட்டி வேற. (சிரிப்பு) சரிவுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும். அரையடிப் படி ஒன்றுக்கே ஆறடிச் சரிவு. அப்போ நாலு படிக்கு இருபத்து நாலு அடி! இதைப் போட சிமெண்டும் ஒரு கொத்தனாரும் போதும், மகாத்மா வேண்டியதில்லை.

இப்போ மனசுக்கு வருவோம். அந்த விடுதியிலே யாருக்காவது மனசு கெட்டிருந்ததா? கிடையாது. மேலாளர் ஓடி வந்தார். வாட்ச்மேன் வந்தார், சமையல்காரர் வந்தார், டிரைவர் வந்தார். “ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், நாங்க இருக்கோம்” என்று நாலு மூலையிலும் பிடிச்சு அப்படியே தூக்கினாங்க. தங்கமான மனசு! மேலே போனதும் அந்த மனிதர் தன் மனைவியிடம் மெதுவாச் சொன்னார்: “நாலு பேர் தூக்குறதுக்கு எனக்கு இன்னும் நாள் இருக்கு கண்ணம்மா. அதுவரைக்கும் என்னை வீட்டிலேயே விட்டுடு.”

(அவையில் அமைதி)

நடுவர் ஐயா, நான் சொல்ல வருவது இதுதான். நல்ல மனசு இருக்கிறதாலேதான் படி அப்படியே இருக்கு! தூக்க ஆள் இருக்கும்வரை இடிக்க ஆள் வராது. அந்த நாலு பேரும் வாசலோடு போயிடுவாங்க. ராத்திரி ஒரு மணிக்குக் குளியலறை வாசலிலே தூக்குகிறவர் அந்த ஒரு அம்மாதான். அவங்களுக்கும் வயது ஐம்பதைத் தாண்டியாச்சு. அவங்க இடுப்பு பிடிச்சுக்கிட்டா இரண்டு பேருக்கும் வெளியுலகம் முடிஞ்சது.

எதிரணியில் கேட்பார்கள், “மலை என்றால் மேடு பள்ளம் இருக்காதா? சேர்வராயன் கோயில் குகையை இடிப்பீர்களா? கிளியூர் அருவிக்கு லிஃப்ட் வைப்பீர்களா?” என்று. வேண்டாம் ஐயா! மலையோடு எங்களுக்குச் சண்டையே இல்லை. ஐயாயிரம் அடி மலையிலே இருபது கொண்டை ஊசி வளைவு போட்டு பஸ்ஸை ஏற்றிவிட்டோம். எப்படி? செங்குத்தாக ஏற முடியாது, சுற்றிச் சுற்றிச் சரிவாக ஏறலாம் என்று கண்டுகொண்டோம். அந்த ரோடு என்ன? பஸ்ஸுக்குப் போட்ட சரிவுப் பாதை! பஸ்ஸுக்கு அவ்வளவு யோசித்தவர்கள் மனிதனுக்கு அரையடியில் யோசிக்கவில்லையே! (பலத்த கைதட்டல்) இந்த ஊரிலே லேடீஸ் சீட் இருக்கு, ஜென்ட்ஸ் சீட் இருக்கு, சில்ட்ரன்ஸ் சீட் இருக்கு. சீட்டைக் கையோடு கொண்டு வருகிறவருக்குத்தான் இடமில்லை! (சிரிப்பு)

“முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா” என்று நம்மிடம் ஒரு பழமொழி. இதைச் சொன்னவன் ஏணி செய்யத் தெரியாதவன். அவனை விடப் பழைய தமிழன் பெரியவன். சங்கப் புலவர் ஐயூர் முடவனார். நடக்க இயலாதவர் என்பதைப் பேரே சொல்லுது. வண்டிக்கு ஒரு காளை வேண்டும் என்று தாமான் தோன்றிக்கோனிடம் போகிறார். புறநானூற்றில் 399ஆம் பாட்டு. அவன் என்ன செய்தான்? “அடடா, பாவம்” என்றானா? “நாலு வீரர்கள் தூக்கி வருவார்கள்” என்றானா? ஒரு காளை கேட்டவருக்கு ஒரு மந்தையையே கொடுத்தான், ஊர்தியோடு கொடுத்தான்! போக வேண்டிய இடத்துக்கு அவரே போய்க்கொள்ளட்டும் என்று கொடுத்தான்.

வேலூர் எங்கே தூரம்? டாக்டர் மேரி வர்கீஸ், 1954ல் விபத்து, கால்கள் போயின. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அறுவை அறை வாசலில் நாலு படி இருந்து, தூக்க ஆள் வரட்டும் என்று அவர் காத்திருந்தால் அத்தனை கைகளின் கதி என்ன?

சட்டம் இல்லையா என்றால், 1995ல் ஒன்று, 2016ல் இன்னொன்று. பழைய பொதுக் கட்டடங்களுக்குக்கூட ஐந்தாண்டு கெடு வைத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ‘செய்தால் நல்லது’ என்கிற விதி போதாது, ‘செய்தே தீரவேண்டும்’ என்கிற விதி வேண்டும் என்றது. நீதிபதிகள் மனசை நம்பவில்லை பாருங்கள்! அளவுகோலை நம்பினார்கள்.

செஞ்சால் நடக்குமா? சென்னை மெரினா மணலில் 2022 நவம்பரில் மரத்தாலே 263 மீட்டர் நடைபாதை போட்டார்கள். டிசம்பரிலே மாண்டஸ் புயல் வந்து பெயர்த்துவிட்டது. மறுபடி போட்டார்கள். ஆயுசு முழுக்கக் கடலை ரோட்டிலிருந்தே பார்த்தவர்கள் அலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். மணலில் முடிந்தது கல்லில் முடியாதா?

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு விண்ணப்பம். தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கும்போது இந்த மேடைப் படிகளை எண்ணிப் பாருங்கள். நான் எண்ணித்தான் ஏறினேன், ஏழு. இன்றைக்கு ஐயூர் முடவனாரே பட்டிமன்றம் பேச வந்தால், அவருக்குக் கீழேதான் மைக் கொடுக்கணும். (நீண்ட கைதட்டல்)