தோமையார் கதையும் சரித்திரமும்
(ராயபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



புராணம் என்றால் இராமாயணமும் கந்தபுராணமும் மாத்திரந்தானா, பாதிரிமார் சொல்வதை ஏன் தொடுவதில்லை என்று நம்மைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இராயப்பர் கோயில் உள்ள இந்த ஊரிலேயே இன்று தொடுகிறேன்.

முதலில் ஏசு. பிலாத்து என்ற அதிகாரியின் காலத்தில் கிறிஸ்துவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாக ரோமாபுரிச் சரித்திரக்காரர் டாசிடஸ் சுமார் 116-ல் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பதை ஆராய்ச்சிக்காரர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளுகிறார்கள். நாமும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கன்னி வயிற்றில் பிறந்தார் என்கிறார்களே, அது? முதலில் எழுதப்பட்ட பவுலின் கடிதங்களில் அந்தச் சேதி இல்லை. சுமார் 70-ல் எழுதிய மாற்குவிலும் இல்லை. பின்னால் வந்த மத்தேயுவிலும் லூக்காவிலுந்தான் இருக்கிறது. கிட்ட இருந்தவனுக்குத் தெரியாத அற்புதம் எட்ட இருந்தவனுக்கு எப்படித் தெரிந்தது?

இனி நம் பட்டணத்துக் கதை. சீடர் தோமையார் 52-ல் மலையாளக் கரையில் இறங்கி, 72-ல் பரங்கிமலையில் கொல்லப்பட்டு, சாந்தோமில் புதைக்கப்பட்டாராம். வருஷக் கணக்கு சுத்தமாயிருக்கிறது, ஆதாரம்? இதைப் பற்றிய பழைய நூல் ‘தோமாவின் நடபடிகள்’, மூன்றாம் நூற்றாண்டில் சிரியா பக்கத்தில் எழுதியது. அதில் கழுதைக்குட்டி பேசுகிறது, பாம்பு பேசுகிறது. மயிலாப்பூர் மட்டும் இல்லை! அதில் வரும் கொண்டபோரஸ் அரசனுடைய நாணயங்கள் வடமேற்கே கிடைத்தவுடன், பார்த்தீர்களா, கதை நிஜம் என்றார்கள். இராமேசுவரம் நிஜமாயிருப்பதால் அனுமார் கடலைத் தாண்டியதும் நிஜமாகிவிடுமா?

அவர் செத்த விதத்தைக் கேளுங்கள். அந்த நூலில் ஓர் அரசன் கட்டளைப்படி ஈட்டியால் குத்தினார்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, மயில் வேட்டைக்காரன் அம்பு தவறிப்பட்டதாகக் கேட்டு எழுதினார். போர்ச்சுகீசியர் வந்த பிறகு பரவிய கதையில் பார்ப்பனர் கொன்றார்கள். இந்த மூன்றாவதைக் கேட்டு நம்மவர் சிலர் கை தட்டுகிறார்கள். கூடாது, தோழர்களே! நமக்கு இனிக்கிறதென்று ஒரு கதையை விழுங்கினால் காலட்சேபம் கேட்கிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பார்ப்பனீயத்தை எதிர்க்க மெய்க் காரணங்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. ருசுவில்லாத கொலை ஒன்று தேவையில்லை.

1523-ல் போர்ச்சுகீசியர் சாந்தோமில் தோண்டி எலும்பெடுத்தார்கள். 1547-ல் மலைமேல் சிலுவைக்கல் கிடைத்தது. தோமையாரே செதுக்கியது என்றார்கள். அதிலுள்ள எழுத்தோ பாரசீகத்துப் பஹ்லவி, அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது! ஆறாம் நூற்றாண்டில் மலையாளக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்ததாகக் காஸ்மாஸ் என்ற வியாபாரி எழுதியிருக்கிறார். 849-ல் கொல்லத்துச் சபைக்கு உரிமை கொடுத்த செப்பேடு இருக்கிறது. இதுதான் சரித்திரம். மிளகு வாங்க வந்த கப்பலோடு மதமும் வந்தது. துறைமுகத்து ஜனங்களாகிய உங்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

கதையால் யாருக்கு லாபம்? மலையாளத்தில் சில கிறிஸ்தவக் குடும்பத்தார், தோமையார் கையால் ஞானஸ்நானம் பெற்ற நம்பூதிரியின் வம்சம் நாங்கள் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே நம்பூதிரி இருந்ததற்கே அத்தாட்சியில்லை. சீடரைக் கூட்டிவந்தும் கேட்பது மேல்சாதிச் சர்டிபிகேட்டு! சாதிக்குத் தப்பிச் சிலுவையிடம் ஓடினவனுக்கோ, திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணத்துக்கும் குறுக்கே சுவர் வைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: 52 என்ற வருஷம் எந்த நூலில் இருக்கிறது, அந்த நூல் எப்போது எழுதியது? அவர் சொல்லும் பதிலை எனக்கும் வந்து சொல்லுங்கள்.