மின்கலத்துக்கு மின்கலம் கைகொடுக்குமா?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், சார்ஜ் இறங்கிப்போன மின்கலத்துக்கு இன்னொரு மின்கலத்தால் சார்ஜ் ஏற்ற முடியுமா?" என்று கேட்டாள். பாடம் முடிக்கும் அவசரத்தில், "அதெல்லாம் முடியாதும்மா, உட்கார்" என்றேன். அவள் உட்காரவில்லை. "நான் ஏத்திட்டேனே சார்!" என்றாள்.

அவள் வீட்டு டார்ச்சின் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் முழுவதும் இறங்கிவிட்டது. சார்ஜரில் வைத்தால் விளக்கு எரியவில்லை. மின்னழுத்தம் மிகவும் குறைந்துவிட்டால், மின்கலம் இருப்பதையே சில சார்ஜர்கள் உணர்வதில்லை. அவள் நல்ல மின்கலம் ஒன்றை எடுத்து, நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை எனக் கம்பியால் இணைத்துச் சிறிது நேரம் பிடித்திருக்கிறாள். பிறகு சார்ஜர் அதை ஏற்றுக்கொண்டது. "கம்பிதான் சார் சுட்டுச்சு" என்றாள்.

அவள் செய்ததை இரண்டு குடங்களைக் கொண்டு விளக்கலாம். நிறைகுடத்தையும் வெறுங்குடத்தையும் அடியில் குழாயால் இணைத்தால் நீர் பாயும். மட்டம் சமமானதும் நின்றுவிடும். 1.3 வோல்ட் உள்ள மின்கலத்தை 0.5 வோல்ட் உள்ளதோடு இணைத்தாலும் அப்படித்தான். மின்னழுத்த வேறுபாடு உள்ளவரை மின்னோட்டம் பாயும். எனவே ஒன்றால் மற்றொன்றைத் தட்டி எழுப்பலாம், முழுவதும் நிரப்ப முடியாது. நிரப்ப வேண்டுமானால் குடத்தை உயரத்தில் வைக்க வேண்டும். அதாவது, இரண்டு மின்கலங்களைத் தொடரிணைப்பில் சேர்க்க வேண்டும்.

வரலாறும் அவள் பக்கமே நிற்கிறது. 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே ஈய அமில மின்கலத்தை உருவாக்கியபோது, அதை மின்னேற்ற இன்றுள்ளதுபோல் மின் இணைப்போ, நடைமுறைக்கு உதவும் டைனமோவோ இல்லை. புன்சன் கலன்களைக் கொண்டே மின்னேற்றினார். துணை மின்கலன் பிறந்ததே முதன்மை மின்கலனின் துணையால்தான்!

இதை வகுப்பில் செய்து காட்டலாம். 1.5 வோல்ட் புதிய சாதாரண மின்கலங்கள் இரண்டைத் தொடரிணைப்பில் வையுங்கள். அவற்றின் நேர்முனையிலிருந்து ஒரு டார்ச் பல்பு வழியாக, இறங்கிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலத்தின் நேர்முனைக்கு இணைப்புக் கொடுங்கள். எதிர்முனைகளை நேரடியாக இணையுங்கள். பல்பு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், கம்பி சுடாது. மின்கலம் எழ எழ, வேறுபாடு குறைந்து பல்பு மங்கும். மின்னழுத்த வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்ணாலேயே காண்பார்கள். சில நிமிடங்களில் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

இத்துடன் முடித்திருந்தால் இரண்டாவது தவறும் செய்திருப்பேன். மறுவாரம் ஒரு மாணவன், உப்பிப்போன பழைய கைப்பேசி மின்கலத்தோடு வந்து நின்றான். "இதையும் எழுப்பலாமா சார்?" அதை வாங்கித் தனியே வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. லித்தியம் அயனி மின்கலம் அளவுக்கு மீறி இறங்கினால், உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையும். மீண்டும் மின்னேற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படலாம், தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே அதில் இந்தச் சோதனை கூடவே கூடாது. சாதாரண உலர் மின்கலத்தை மின்னேற்றவும் முயலக் கூடாது. அது கசியும், வெடிக்கவும் கூடும்.

"முடியாது" என்று வாயடைப்பதும் தவறு. "முடியும்" என்று பாதியில் விடுவதும் தவறு. எதில் முடியும், எதில் கூடாது, ஏன் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வோம். நாம் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள். அதை நம் கண்முன்னே செய்யட்டும்.