எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகுமுன்

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை. இருப்பது பெரிய காந்தம். படம் எடுக்காதபோதும் அதன் இழுவிசை ஓயாது. கருகமணி, தாயத்து, முக்காட்டு ஊசி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். ஊசி குத்தாத பருத்தி முக்காடு போடலாமா, பெண் ஊழியர் இருப்பாரா என்று நாள் குறிக்கும்போதே கேளுங்கள்.

பேஸ்மேக்கர், மூளை அறுவையில் வைத்த கிளிப், கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத்துகள் அசைந்தால் பார்வையே போகலாம். மாமியார் எதிரில் தயங்கும் மருமகள் ஊழியரிடம் தனியே சொல்லட்டும்.

உள்ளே 20 முதல் 45 நிமிடம், தடதடவெனச் சத்தம். காதடைப்பான் தருவார்கள். பயந்தால் கையிலுள்ள பந்தை அழுத்துங்கள், வருவார்கள். திக்ரு மனதுக்குள் மட்டும்; உதடு அசைந்தால் தலைப்படம் கலங்கிவிடும்.